யமாலை ஏன் வெளியே எடுத்தார் சாவி?

2024 ஏப்ரல் 16. பார்சிலோனாவின் மோன்ஜுயிக் குன்றின் மேல் இருக்கும் ஒலிம்பிக் மைதானத்தில் சாம்பியன்ஸ் லீக் காலிறுதியின் இரண்டாவது ஆட்டம். பாரிஸில் பிஎஸ்ஜியை 3-2 என்று வென்றுவிட்டு வந்திருந்த பார்சிலோனா, 12-ஆவது நிமிடத்திலேயே இன்னொரு கோலும் அடித்தது. வலது ஓரத்தில் பிஎஸ்ஜியின் நூனோ மென்டெஸைத் தாண்டிப் போன லாமின் யமால் கொடுத்த பந்தை ரபீன்யா வலைக்குள் தள்ளினார். யமாலுக்கு அப்போது வயது 16. இரு ஆட்டங்களின் கணக்கு 4-2.

29-ஆவது நிமிடத்தில் கோலை நோக்கி ஓடிய பிஎஸ்ஜியின் பார்கோலாவைப் பார்சிலோனாவின் ரொனால்ட் அரௌஹோ வீழ்த்தினார். நடுவர் சிவப்பு அட்டை காட்டினார். ஐந்து நிமிடம் கழித்துப் பயிற்சியாளர் சாவி ஹெர்னாண்டஸ் யமாலை வெளியே அழைத்து, தற்காப்பு ஆட்டக்காரர் இன்யீகோ மார்ட்டினெஸை இறக்கினார். கடைசியில் பிஎஸ்ஜி 4-1 என்று ஜெயித்தது. மொத்தக் கணக்கில் 6-4.

தோற்றுவிட்டதாலேயே முடிவு தப்பு என்று சொல்லிவிட முடியாது. 1994 உலகக் கோப்பையில் நார்வேக்கு எதிராக இத்தாலியின் கோல்கீப்பர் பல்யூகா 21-ஆவது நிமிடத்தில் வெளியேற்றப்பட்டார். மாற்றுக் கோல்கீப்பரை இறக்க, பயிற்சியாளர் அரிகோ சாக்கி வெளியே எடுத்தது ராபர்ட்டோ பாஜியோவை. உலகின் சிறந்த ஆட்டக்காரர் என்று முந்தைய ஆண்டு பட்டம் பெற்றவர்! ‘இவருக்குப் பைத்தியமா’ என்கிற தோரணையில் பாஜியோ முணுமுணுத்ததை உலகமே தொலைக்காட்சியில் பார்த்தது. ஆனால் இத்தாலி 1-0 என்று ஜெயித்தது, சாக்கி தப்பித்தார். நார்வே ஒரு கோல் போட்டிருந்தால் அந்தப் பெயர் அவரை ஆயுள் முழுக்கத் துரத்தியிருக்கும். ஆகவே சாவியின் முடிவை ஸ்கோரைக் கொண்டு எடை போடாமல், 34-ஆவது நிமிடத்தில் அவருக்குத் தெரிந்திருந்தவற்றைக் கொண்டே எடை போட வேண்டும்.

சாவியின் பக்கம் நியாயம் இல்லாமல் இல்லை. நடுத் தற்காப்பில் ஒரு இடம் காலியானால் நிரப்பியே ஆக வேண்டும். அதற்கு முன்வரிசையில் ஒருவரைப் பலி கொடுப்பதுதான் வழக்கம். ரபீன்யா ஓயாமல் பின்னால் ஓடிவந்து உதவக்கூடியவர். 35 வயது லெவான்டோவ்ஸ்கி, உயரமாக வரும் பந்தை முதுகால் எதிரியை மறித்து நிறுத்தி வைக்கத் தெரிந்தவர். யமாலோ தற்காப்பில் இன்னும் பழக வேண்டிய பையன். தாளில் போட்டுப் பார்த்தால் கணக்கு சரியாகத்தான் வருகிறது.

களத்தில் அது சரியாக வராது என்பதே என் வாதம். பத்துப் பேராகச் சுருங்கிய அணிக்கு முதல் தேவை மூச்சு விடும் நேரம். தற்காப்பில் நிற்பவர்கள் பந்தை எங்கே அடித்தாலும் அது உடனே திரும்பி வந்தால் ஒரு மணி நேரம் யாராலும் தாக்குப்பிடிக்க முடியாது. மேலே ஒருவர் அந்தப் பந்தை வாங்கி, ஒருவரைக் கடந்து, முப்பது மீட்டர் கொண்டுபோக வேண்டும். குறைந்தது ஒரு ஃபவுலாவது வாங்கித் தர வேண்டும். அன்று பார்சிலோனாவில் அதைச் செய்துகொண்டிருந்தவர் யமால். அவர் நிற்கும்வரை நூனோ மென்டெஸ் மனம்போல முன்னேற முடியாது. தன் முதுகுக்குப் பின்னால் இருக்கும் வெற்றிடத்துக்கு மென்டெஸ் அஞ்சியே ஆக வேண்டும். அந்த அச்சத்தைச் சாவி தன் கையாலேயே நீக்கிவிட்டார். எதிர் பெஞ்சில் இருந்தவரோ பார்சிலோனாவின் முன்னாள் பயிற்சியாளர் லூயிஸ் என்ரிக்கே. அதைப் பயன்படுத்திக்கொள்ளத் தெரியாதவரா அவர்?

40-ஆவது நிமிடத்தில் பார்கோலா இடது ஓரத்திலிருந்து, அதாவது யமால் விட்டுச்சென்ற பக்கத்திலிருந்து, அனுப்பிய பந்து தூரக் கம்பத்தருகே டெம்பெலேயிடம் போய்ச் சேர்ந்தது. கோல். யமால் இருந்திருந்தால் அந்தப் பந்தைத் தடுத்திருப்பார் என்று நான் சொல்லவில்லை. பந்து அங்கே வந்து சேரும் வாய்ப்பு குறைந்திருக்கும் என்கிறேன். இரண்டாம் பாதியில் விட்டின்யா ஒன்று, எம்பாப்பே இரண்டு. சாவியே நடுவரோடு மோதிச் சிவப்பு அட்டை வாங்கினார். ஆட்டம் முடிந்த பிறகும் தோல்விக்கு நடுவரையே குறை சொன்னார். அவருடைய ஆட்டக்காரர் குண்டோகனோ, ஆரம்பத்திலேயே ஆளை இழப்பதைவிட ஒரு கோலை விட்டுக்கொடுத்திருக்கலாம் என்று வெளிப்படையாகப் பேசினார். அரௌஹோவின் தவறு பெரியது, சந்தேகமில்லை. அதற்குப் பின் எடுத்த முடிவு பயிற்சியாளருடையது.

சின்னப் பையனைப் பாதுகாக்கத்தான் அப்படிச் செய்தார் என்றும் சிலர் சொல்வார்கள். இந்த வாதத்தை நான் லேசாக ஒதுக்கமாட்டேன். 16 வயதில் அறிமுகமான ஆன்சு ஃபாத்தியை அடுத்தடுத்த அறுவைச் சிகிச்சைகள் எப்படி முடக்கின, 18 வயதில் ஓய்வின்றி ஆடிய பெட்ரி பிறகு எத்தனை காயங்களோடு போராடினார் என்பதெல்லாம் பார்சிலோனா கண்ணெதிரே கண்ட துயரங்கள். ஆனால் அன்று இந்த வாதம் எடுபடாது. 17 வயதுப் பாவ் குபார்சி அதே களத்தில், அரௌஹோ போன பிறகு இன்னும் கடினமான பொறுப்போடு, நிறுத்தி வைக்கப்பட்டிருந்தார். வயதுக்காக யமாலை எடுக்கவில்லை. அவரிடம் இருந்த அரிய திறமையை, நெருக்கடியில் முதலில் விட்டுக்கொடுக்கக்கூடிய பொருளாகச் சாவி பார்த்தார்.

என்னை வருத்துவது அதுதான். யமாலுக்கு 15 வயதில் முதல் வாய்ப்பைக் கொடுத்ததே சாவிதான். வேறு எந்தப் பயிற்சியாளரும் அவ்வளவு துணிந்திருப்பாரா என்பது சந்தேகம். நம்பிக்கையோடு இறக்கிவிட்டவர், அந்த நம்பிக்கைக்கு மிகப் பெரிய சோதனை வந்தபோது பழைய வழக்கத்துக்குள் ஒதுங்கிக்கொண்டார். லெவான்டோவ்ஸ்கியை எடுத்துவிட்டு யமாலையும் ரபீன்யாவையும் இரு ஓரங்களில் நிறுத்தியிருக்கலாம். எதிர்த்தாக்குதலுக்கு வேகமாவது மிஞ்சியிருக்கும்.

மூன்று மாதம் கழித்து, ஜூலை 9 அன்று, மியூனிக்கில் யூரோ அரையிறுதி. பிரான்ஸுக்கு எதிராக யமால் தொலைவிலிருந்து அடித்த கோல் ஸ்பெயினைச் சமநிலைக்குக் கொண்டுவந்தது. சில நிமிடங்களில் ஸ்பெயின் 2-1 என்று முந்தியது. ஒரு கோல் முன்னிலையை அதன்பின் ஒரு மணி நேரத்துக்கும் மேல் காக்க வேண்டியிருந்தது. ஸ்பெயினிடம் பதினொரு பேர் இருந்தார்கள், நிலைமை ஒன்றல்ல என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனாலும் பயிற்சியாளர் டி லா ஃபுவென்டே, ஆட்டம் முடியும் தறுவாய்வரை யமாலைக் களத்திலேயே வைத்திருந்தார்.