அனாதைகளை உண்டாக்கும் தர்மம்

மேல்நாட்டுப் பள்ளிக்கூடப் பிள்ளைகள் பதினாறு, பதினேழு வயதிலேயே, கம்பெனிகளுக்குப் பணங்கட்டி, கம்போடியா, நேபாளம் முதலிய ஏழை நாடுகளுக்குச் சென்று, அனாதை விடுதிக் குழந்தைகளுக்கு இரண்டொரு வாரம் தொண்டு செய்து திரும்புவது பெரிய பரோபகாரமென்று புகழப்படுகிறது. இந்த உபகாரம் யாருக்கு என்பதைச் சற்று யோசிப்போம்.

முதலாவது, அக்குழந்தைகள் அனாதைகள்தானா? கம்போடிய விடுதிகளிலுள்ள நான்கு குழந்தைகளில் மூன்றுக்குத் தாயோ தகப்பனோ உயிரோடிருப்பதாக ஐக்கிய நாடுகளின் குழந்தைகள் நிதி ஸ்தாபனம் 2011ம் வருஷத்திலேயே எடுத்துக்காட்டிற்று. 2005க்கும் 2010க்கும் இடையில் அங்கு விடுதிகள் நூற்றுக்கு 75 பங்கு பெருகின. அந்த ஐந்து வருஷத்தில் பெற்றோரெல்லாம் செத்தா போனார்கள்? இல்லை. பெருகியது வெளிநாட்டு யாத்திரீகரும் அவர்களது பணமுமேயாகும். நேபாளத்திலோ, ஹும்லா போன்ற மலை ஜில்லாக்களில் தரகர்கள் புகுந்து, படிப்புக் கிடைக்குமென்று ஏழைப் பெற்றோரை ஏய்த்து, பிள்ளைகளைக் காட்மாண்டு விடுதிகளில் கொண்டுபோய்ச் சேர்த்தார்கள்.

இரண்டாவது, அந்நாட்டுப் பாஷை அறியாத, போதனாமுறை படியாத ஒரு பிள்ளை பத்து நாளில் என்ன கற்பித்துவிட முடியும்? இவன் போனால் இன்னொருவன் வந்து மறுபடியும் முதலெழுத்திலிருந்து ஆரம்பிக்கிறான். குழந்தையோ பழகியவரையெல்லாம் பறிகொடுத்து ஏங்குகிறது. இங்கிலாந்திலும் ஆஸ்திரேலியாவிலும் பழைய பெரிய அனாதை விடுதிகளை மூடி, குழந்தைகளைப் பெரும்பாலும் குடும்பங்களில் வைத்து வளர்க்கிறார்கள். தன் வீட்டுக்கு ஆகாதது ஏழை வீட்டுக்கு மாத்திரம் தர்மமாவது என்ன யோக்கியம்?

அப்பிள்ளைகளை நாம் குறை கூறவில்லை. அவர்களது இரக்கம் மெய்யானதே. அதை விற்றுப் பிழைக்கும் வியாபாரிகளையும், "கொடுத்தவனுக்குப் புண்ணியம்" என்னும் பழம்புரட்டையுமே கண்டிக்கிறோம். மோட்சத்துக்குப் பிச்சை போடுகிறவனுக்குப் பிச்சைக்காரன் எப்படி அவசியமோ, அப்படியே இத்தொண்டுக்கு அனாதை அவசியம். இல்லாவிட்டால் உண்டாக்கப்படுகிறான்.

"விடுதிகளை மூடினால் குழந்தைகள் தெருவில் நிற்குமே" என்பார்கள் சிலர். தாய் தகப்பன் இருக்கத் தெரு எதற்கு? பெற்றவருக்குக் கூலியும், கிராமத்துக்குப் பள்ளிக்கூடமும் கிடைத்தால் வீடு இருக்கிறது. மெய்யாகவே ஆதரவற்ற குழந்தைக்கு அந்நாட்டிலேயே ஒரு குடும்பம் தேடித் தரலாம். 2018ல் ஆஸ்திரேலிய சர்க்காரே இத்தகைய பிரயாணம் வேண்டாமென்று தன் ஜனங்களை எச்சரித்தது. 2019ல் ஐக்கிய நாடுகளின் பொதுச்சபையும் இக்கேட்டைத் தடுக்கச் சொல்லித் தீர்மானித்தது.

ஆகவே தோழர்களே, எந்தத் தர்மத்தையும் கொடுக்கிறவன் பெறும் கீர்த்தியைக் கொண்டு அளக்காதீர்கள். அதைப் பெறுகிறவன் நாளைக்கும் கையேந்த வேண்டியிருக்கிறதா என்று கேளுங்கள். ஆம் என்றால் அது தர்மமல்ல, வியாபாரமே.