மலையை உருக்கவேண்டியதில்லை

திங்கட்கிழமைதோறும் கையில் மனுவுடன் ஜனங்கள் வந்து இறங்கும் மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தைத் தன்பால் கொண்ட வேங்கிக்காலில், சாலையோரமாகச் சற்று நேரம் நின்று, கடந்து செல்லும் பேருந்துகளையும் டிராக்டர்களையும் ஷேர் ஆட்டோக்களையும் பார்ப்பவருக்கு, இத்தனை யந்திரங்களின் இருதயமும் வேறெங்கோ உருகி ஓடிய உலோகமே என்ற நினைவு எழுமாயின், ‘நம் பக்கத்தில் இரும்பு இல்லையா?’ என்ற கேள்வியும் உடன் எழும். இருக்கிறது. திருவண்ணாமலைக்கு அணித்தான கவுத்தி மலையிலும் வேடியப்பன் மலையிலும் மேக்னடைட் என்னும் இரும்புத் தாது உண்டு. அதை வெட்டியெடுக்க வகுத்த திட்டத்தைச் சுற்றுவட்டாரக் கிராமத்தார் எதிர்த்து நின்ற சரித்திரமும் உண்டு. மலையைத் தோண்டினால் ஆலை வரும், ஆலை வந்தால் பிள்ளைகளுக்கு வேலை கிடைக்கும் என்போரின் வாதத்தை, எஞ்சின் உறுப்புகள் எவ்வாறு வார்க்கப்படுகின்றன என்பதைக் கொண்டே பரிசீலித்துப் பார்ப்பது நன்று.

லாரி எஞ்சினின் சிலிண்டர் பிளாக்கை எடுத்துக்கொள்வோம். பார்வைக்குக் கனத்த இரும்புப் பாளமாகத் தோன்றினும், பிஸ்டன் ஓடும் துளைகள், அவற்றைச் சூழ்ந்து குளிர்நீர் சுற்றிவரும் அறைகள், எண்ணெய் செல்லும் வழிகள் என உள்ளிருக்கும் வெற்றிடங்களே அதன் ஜீவன். மணலும் பென்டோனைட் களிமண்ணும் நீரும் கலந்து பிசைந்த கலவையில் உறுப்பின் மாதிரியுருவான பேட்டர்னைப் பதித்து, மேல்பெட்டியிலும் கீழ்ப்பெட்டியிலும் வெளியுருவத்தை எடுத்து, பிசினால் இறுகிய மணற்கோர்களை வெற்றிடம் வேண்டிய இடங்களிலெல்லாம் நூலிழை பிசகாமல் நிறுத்திய பின்னரே, ஏறக்குறைய 1,400 டிகிரி உஷ்ணத்தில் இரும்பு ஊற்றப்படுகிறது. இரும்பு உறைந்ததும் கோர் மணல் உதிர்ந்து வெளியேற, அது இருந்த இடம் நீரறையாகிறது. உறைந்து ஆறும் இரும்பு நீளத்தில் ஏறக்குறைய நூற்றில் ஒரு பங்கு சுருங்குமாதலால், பேட்டர்ன் செய்பவர் தம் அளவுகோலையே அந்த அளவுக்கு நீட்டி வைத்துக்கொள்கிறார். கோர் சிறிது நகர்ந்தாலும் ஒரு பக்கச் சுவர் மெலிந்து, பிளாக் மீண்டும் உலைக்குத்தான் போகும். அப்போது நஷ்டமாவது இரும்பன்று; அது திரும்ப உருகிவிடும். நஷ்டமாவது உழைப்பும் எரிசக்தியும்.

அலுமினியத்தின் விவகாரம் வேறு. 660 டிகிரியிலேயே உருகி, இரும்பின் கனத்தில் மூன்றிலொரு பங்கைச் சற்றே மிஞ்சி நிற்கும் இந்த உலோகம், எஃகு அச்சில் தன் கனத்தாலேயே இறங்கி நிரம்பிப் பிஸ்டனாகிறது. பேரழுத்தத்தில் ஒரு நொடியின் சிறு கூறுக்குள் பீய்ச்சப்பட்டு இருசக்கர வாகனத்தின் கிராங்க்கேஸாகிறது. அந்த வேகத்தைச் சாதாரண மணற்கோர் தாங்காது. போதாக்குறைக்குச் சிக்கிய காற்று நுண்துளைகளையும் விட்டுச்செல்லும். ஆகவே உள்ளறைகள் சிக்கலான உறுப்புகளுக்கு பேரழுத்தமில்லாத முறைகளே இன்றும் கைகொடுக்கின்றன. சிலிண்டர் லைனரைச் சுழலும் அச்சில் வார்க்கிறார்கள். டர்போசார்ஜரின் வெப்பம் தாங்கும் சக்கரத்தையோ, சுவாமிமலை ஸ்தபதிகள் விக்கிரகம் வார்க்கும் அதே தத்துவப்படி, மெழுகில் உருச்செய்து, மேலே பூச்சிட்டு, மெழுகை உருக்கி வெளியேற்றி வார்க்கிறார்கள். எந்த உறுப்புக்கு எந்த முறை என்று தீர்மானிப்பவை அதன் உள்ளமைப்பும், உலோகமும், வேண்டிய எண்ணிக்கையும். உலோகம் எந்த மலையிலிருந்து வந்தது என்ற கேள்வி அங்கே எழுவதேயில்லை.

சரித்திரமும் இதற்குச் சாட்சி. 1830இல் பரங்கிப்பேட்டையில் ஜோசையா மார்ஷல் ஹீத் என்ற ஆங்கிலேயர் நிறுவிய இரும்பாலைக்குச் சேலத்துத் தாது இருந்தது, காட்டுக் கரி இருந்தது. இருந்தும் அது நிலைக்கவில்லை. மாறாக, தன் எல்லையில் தாதுச் சுரங்கம் ஏதுமில்லாத கோயம்புத்தூர், பஞ்சாலைகளும் பம்புசெட்டுகளும் எழுப்பிய தேவையையும், 1932இல் பிறந்த பைக்காரா மின்சாரத்தையும், தலைமுறை தலைமுறையாய்த் தேறிய கைகளையும் கொண்டு வார்ப்பட நகரமாகிவிட்டது. சென்னைப் பக்கத்தில், 1949இல் செம்பியத்தில் இந்தியா பிஸ்டன்ஸும், 1959இல் எண்ணூர் பவுண்டரீஸும், 1962இல் பாடியில் சுந்தரம் கிளேட்டனும் தோன்றியபோது, அவை நாடியது வாகனத் தொழிற்சாலைகளின் அண்மையை, மலையடிவாரத்தையன்று. நம் மாவட்டத்துச் செய்யாறு சிப்காட்டில் அலுமினிய வார்ப்பட ஆலை அமைந்ததும் இங்கே தாது தோண்டியதால் அன்று.

வார்ப்படத் தொழில் குற்றமற்றது என்று நான் சொல்லவரவில்லை. சிலிக்கா தூசி சுவாசப்பையைக் கெடுக்கும். கழிவு மணலைக் கொட்ட இடம் வேண்டும். இண்டக்‌ஷன் உலை மின்சாரத்தை விழுங்கும். மின்வாகனங்கள் பெருகப் பெருக சிலிண்டர் பிளாக்கின் தேவை குறையும் என்பதும் மெய்யே. ஆனால் மின்மோட்டாருக்கும் உறை வேண்டும், மின்கலத்துக்கும் பெட்டி வேண்டும். அவையும் பெரும்பாலும் அலுமினிய வார்ப்படங்களே. அச்சு செய்யக் கற்றவன் பழைய எஞ்சினிலிருந்து புதிய மோட்டாருக்குத் தன் வித்தையை எடுத்துச் சென்றுவிடலாம். தாது தீர்ந்த சுரங்கத்துக்கு அத்தகைய மறுபிறவி கிடையாது.

ஆதலால் இம்மாவட்டம் கேட்கவேண்டியது சுரங்க உரிமம் அன்று. தொழிற்பயிற்சி நிலையங்களில் பவுண்டரிமேன் பிரிவுக்கு உயிரூட்டி, பேட்டர்ன் செய்தலையும் டை என்னும் எஃகு அச்சின் வடிவமைப்பையும் கணினியின் துணையோடு கற்பித்து, தூசியடக்கும் சாதனங்களைக் கட்டாயமாக்கிய சிறு பவுண்டரிகளுக்குக் கடனுதவி செய்து, சென்னையைச் சூழ்ந்த வாகன ஆலைகளோடு அவற்றை இணைத்தல் வேண்டும். உருக்குவதற்கு உடைந்த எஞ்சின்களும் பழைய இரும்பும் உண்டு. குறைவதை வெளியிலிருந்து வரவழைத்துக்கொள்ளலாம். ஊற்றி முடிந்ததும் உதிர்ந்துபோகும் மணலச்சு, பக்குவப்படுத்தினால் மறுநாளே புதிய அச்சாக எழுந்துவிடும். கவுத்தி மலைக்கு அந்தப் பாக்கியம் இல்லை.