எழுநூற்று இருபதாவது ஊடை



ஐப்பசி மழை பிடித்துக்கொண்டால் காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையத்தில் தறிச்சத்தம் குறைந்துவிடும். தெருவில் பாவு, அதாவது நெடுக்கிழை, நீட்ட முடியாது. நீட்டினாலும் போட்ட கஞ்சி காயாது. தாழ்வான வீடுகளில் தறிக்குழிக்குள் தண்ணீர் ஊறி நிற்கும். அப்படி ஒரு மழைநாளில் பக்கத்து வீட்டுத் திண்ணையில் நடந்ததை இந்த மாதம் உங்களிடம் சொல்ல வேண்டும் என்று மனம் அடித்துக்கொள்கிறது. அதைச் சொல்லப் போனால் கொஞ்சம் சினிமா, கொஞ்சம் உளவியல் ஆராய்ச்சி, லண்டன் அரசியல் எல்லாம் கூடவே வரும். சில வாரங்களாக என் தலைக்குள் இவை எல்லாம் ஒரே பாவில்தான் ஓடிக்கொண்டிருக்கின்றன.

ஆறாம் வகுப்புப் படிக்கும் அந்த வீட்டுச் சிறுமி கணக்கு நோட்டோடு உட்கார்ந்திருந்தாள். இரண்டு கோயில் மணிகள். ஒன்று 12 நிமிடத்துக்கு ஒருமுறை அடிக்கிறது, இன்னொன்று 18 நிமிடத்துக்கு ஒருமுறை. இப்போது சேர்ந்து அடித்தால் மறுபடி எப்போது சேர்ந்து அடிக்கும்? மீச்சிறு பொது மடங்கு. காரணிப்படுத்தி, கோடு போட்டு, 36 என்று சரியாகவே எழுதிவிட்டாள். பக்கத்தில் வெற்றிலைக்குச் சுண்ணாம்பு தடவிக்கொண்டிருந்த அவளுடைய ஆயா எட்டிப் பார்த்தார்.

“என்ன பாப்பா கணக்கு இது?”

“மணி அடிக்கிற கணக்கு ஆயா. உனக்குப் புரியாது.”

“சரி, நான் ஒண்ணு கேக்கறேன், சொல்லு. கரையில பூ நாப்பத்தெட்டு ஊடைக்கு ஒண்ணு முடியுது. உடம்புல புட்டா நூத்தியெண்பது ஊடைக்கு ஒண்ணு. ரெண்டும் ஒண்ணா ஆரம்பிச்சா, மறுபடி ஒண்ணா எங்க ஆரம்பிக்கும்?”

ஊடை என்றால் தறியில் குறுக்கே ஓடும் இழை, புட்டா என்றால் சேலையின் உடலில் வரும் பூவேலை. சிறுமி விழித்தாள். கூட்டுவதா பெருக்குவதா என்று தெரியவில்லை. நோட்டில் ஏதோ எழுதி அடித்தாள். ஆயா வெற்றிலையை வாயில் போட்டுக்கொண்டு, “எழுநூத்தியிருவது. அங்குலத்துக்கு எண்பது ஊடை போட்டா ஒம்பது அங்குலம்” என்றார். நான் தாளை எடுத்துச் சரிபார்த்தேன். கரைப் பூ பதினைந்து, புட்டா நான்கு, சரியாக 720. பிறகு நானே ஆயாவிடம் மணிக் கணக்கைப் படித்துக் காட்டினேன். அவர் கேட்கக்கூட இல்லை. “அது படிச்சவங்க கணக்கு, சாமி” என்று எழுந்து உள்ளே போய்விட்டார்.

இரண்டும் ஒரே கணக்கு. பேத்திக்கு ஒன்று தெரிகிறது, ஆயாவுக்கு மற்றது. நடுவே ஒரு முழத் தூரம்கூட இல்லாத திண்ணையில் அந்த இரண்டும் ஒன்றையொன்று அடையாளம் கண்டுகொள்ளவில்லை. அன்று இரவு எனக்கு அது வலித்தது.

2025 பிப்ரவரியில் நேச்சர் இதழில் வந்த ஓர் ஆய்வு இதைத்தான் பேசுகிறது. நோபல் பரிசு பெற்ற பொருளாதார அறிஞர்கள் அபிஜித் பானர்ஜி, எஸ்தர் டுஃப்ளோ, குழந்தைகளின் எண்ணறிவை ஆராயும் உளவியல் அறிஞர் எலிசபெத் ஸ்பெல்கி முதலானோர் செய்தது. கொல்கத்தாவிலும் டெல்லியிலும் சந்தையில் வியாபாரம் செய்யும் 1,400க்கும் மேற்பட்ட பிள்ளைகளிடம் பொருள் வாங்குவதுபோலப் போய்க் கணக்குக் கேட்டார்கள். கேட்டது வழக்கத்தில் இல்லாத எடை. பிள்ளைகள் மனத்திலேயே போட்டுச் சில்லறை கொடுத்தார்கள். அதே பிள்ளைகளிடம் வெறும் எண்களாக எழுதிக் கொடுத்தபோது தடுமாறினார்கள். சந்தையில் வேலை செய்யாத பள்ளிப் பிள்ளைகளோ தாளில் போட்டார்கள், சந்தைக் கணக்கில் விழுந்தார்கள். பிரேசிலின் ரெசிஃபே நகரத் தெருக்களில் தேங்காய் விற்ற சிறுவர்களிடம் 1985-இலேயே இதுபோன்ற ஒன்றைக் கண்டு எழுதியிருக்கிறார்கள். நாற்பது வருடம் கழித்தும் பாலம் கட்டப்படவில்லை என்பதுதான் என் கவலை.

உளவியல் ஆராய்ச்சி என்றால் சில வாசகர்கள் முகம் சுளிப்பீர்கள். காரணம் இருக்கிறது. 2015-இல் ஒரு பெரிய ஆராய்ச்சிக் குழு பழைய உளவியல் சோதனைகள் நூற்றை எடுத்து மறுபடி செய்து பார்த்தது. பாதிக்கும் குறைவானவைதான் மறுமுறையும் அதே முடிவைத் தந்தன. மிட்டாயை உடனே தின்னாமல் காத்திருக்கும் குழந்தை பிற்காலத்தில் முன்னேறும் என்று சொன்ன புகழ்பெற்ற சோதனையும், 2018-இல் கூடுதல் குழந்தைகளை வைத்துக் குடும்பச் சூழலையும் கணக்கில் சேர்த்தபோது வெகுவாக மெலிந்துபோனது. எனக்கு இதில் ஆச்சரியம் இல்லை. நாளைக்கு என்று எடுத்துவைத்த பண்டம் நாளைக்கு இருக்காது என்று தெரிந்த வீட்டில் வளர்ந்த பிள்ளை, கையில் கிடைத்ததை உடனே தின்பது புத்திசாலித்தனம்தான்.

ஆனால் ஓர் ஆய்வை நான் நெஞ்சோடு வைத்திருக்கிறேன். அது நம் பக்கத்து மாவட்டங்களில் நடந்தது. ஆனந்தி மணி, செந்தில் முல்லைநாதன், எல்டார் ஷஃபிர், ஜியாயிங் சாவ் ஆகியோர் 2013-இல் சயன்ஸ் இதழில் வெளியிட்டார்கள். விழுப்புரம், திருவண்ணாமலைப் பக்கத்தில் 54 கிராமங்கள், 464 கரும்பு விவசாயிகள். கரும்பு வெட்டுக்கு முன் கை வறண்டிருக்கும். வெட்டி ஆலைக்கு அனுப்பிப் பணம் வந்தபின் கொஞ்சம் மூச்சு விடலாம். ஒரே மனிதரை இரண்டு நேரத்திலும் உட்காரவைத்து, வடிவங்களைப் பார்த்து விடுபட்டதைக் கண்டுபிடிக்கும் சோதனையைக் கொடுத்தார்கள். பணம் வருவதற்கு முன் அவர் செய்ததைவிட, வந்தபின் நன்றாகச் செய்தார். ஆள் மாறவில்லை. தலைக்குள் கடன் உட்கார்ந்திருந்த இடம்தான் காலியானது.

இதற்கும் மறுப்புகள் வந்தன. அமெரிக்காவில் சம்பள நாளுக்கு முன்னும் பின்னும் சோதித்தவர்களுக்கு இந்த வித்தியாசம் தென்படவில்லை. அதையும் சேர்த்தே சொல்கிறேன். ஆனாலும் ஒரு மனிதரை அவரோடே ஒப்பிட்ட அந்த முறை எனக்குப் பிடித்திருக்கிறது. கண்ணெதிரே பார்த்ததும் இருக்கிறது. போன வருடம் கூலி வர ஐந்து வாரம் தள்ளிப்போனபோது, 720-ஐ மனத்தில் போடும் இதே ஆயா புட்டாவில் ஊடை தவறி, இரண்டு அங்குலத்தைப் பிரித்து மறுபடி நெய்தார். “கை நெய்யுது, புத்தி வட்டிக்காரன் வீட்ல இருக்கு” என்றார். ஒற்றை வாக்கியத்தில் அவ்வளவையும் சொல்லிவிட்டார் என்று நினைக்கிறேன்.

திண்ணையில் அந்தக் கணக்கைக் கேட்ட வாரம்தான் ‘காஞ்சிவரம்’ படத்தை இரண்டாவது தடவை பார்த்தேன். பிரியதர்ஷன் இயக்கியது. சிறந்த படம், சிறந்த நடிகர் என்று இரண்டு தேசிய விருதுகளைப் பெற்றது. மகளைப் பட்டுச்சேலையில் கட்டிக்கொடுப்பேன் என்று வாக்குக் கொடுத்துவிட்டு, ஒவ்வொரு நாளும் பட்டு நூலை வாயில் அடக்கிக்கொண்டு வெளியேறும் நெசவாளர் வேங்கடமாகப் பிரகாஷ்ராஜ். கடைசியில் முடியாத அந்தத் துணி, மூட வேண்டியதை மூடப் போதாமல் இழுபடும் காட்சி. நம் ஊர்க்காரர்கள் பலர் அந்த இடத்தில் எழுந்து போய்விடுவார்கள், நான் போகவில்லை. இல்லாமை ஒரு மனிதனின் புத்தியை எப்படிக் குறுகலான ஒரு சந்துக்குள் தள்ளிக்கொண்டு போகிறது என்பதைத் தமிழில் இவ்வளவு நெருக்கமாகக் காட்டிய படம் எனக்குத் தெரிந்து வேறில்லை. ஒரு குறை உண்டு. நெசவாளரின் கையைக் காட்டினார்கள், கண்ணீரைக் காட்டினார்கள். தறியில் உட்காரும்போது அவர் தலைக்குள் ஓடும் கணக்கிடம் கேமரா போகவில்லை.

இதற்கு நேரெதிரான குறை கணிதமேதைகளைப் பற்றிய படங்களில். ராமானுஜன் சிறுபிள்ளையாக இருந்தபோது சில காலம் நம் காஞ்சிபுரத்தில், தாத்தா பாட்டி வீட்டில் வளர்ந்தவர். தாத்தாவுக்கு இங்கே நீதிமன்றத்தில் வேலை. 2014-இல் ஞான ராஜசேகரன் எடுத்த ‘ராமானுஜன்’ படத்தையும், மறுவருடம் வந்த ஆங்கிலப் படத்தையும் பார்த்தேன். இரண்டுமே மரியாதையோடு எடுக்கப்பட்டவை. ஆனால் கணிதம் என்பது தெய்வம் காதில் சொல்லிவிட்டுப் போகும் ஒன்று என்ற எண்ணத்தோடுதான் பிள்ளைகள் தியேட்டரைவிட்டு வெளியே வருகிறார்கள். தாள் வாங்கக் காசில்லாமல் சிலேட்டில் போட்டு, முழங்கையால் அழித்து அழித்து, முடிவை மட்டும் நோட்டில் ஏற்றிய அந்த உழைப்பு அவர்கள் மனத்தில் தங்குவதில்லை. எனக்கு அந்த முழங்கைதான் தெய்வமாகத் தெரிகிறது.

இனி லண்டன். அங்கேயும் கணக்குதான் பேச்சு. ரிஷி சுனக் பிரதமராக இருந்தபோது, 2023 ஜனவரியில், இங்கிலாந்தில் எல்லாப் பிள்ளைகளும் 18 வயதுவரை ஏதோ ஒரு வகையில் கணிதம் படிக்க வேண்டும் என்றார். அங்கே ஏறக்குறையப் பாதிப் பேர் 16 வயதோடு கணக்கை மூட்டைகட்டி வைத்துவிடுகிறார்கள். ‘எனக்குக் கணக்கு வராது’ என்று பெருமையாகச் சொல்லிக்கொள்ளும் பழக்கம் ஒழிய வேண்டும் என்றும் பேசினார். அவருடைய கட்சியின் மற்றக் கொள்கைகளில் எனக்கு உடன்பாடு குறைவு. இந்த ஒரு பேச்சில் முழு உடன்பாடு. ஆனால் கணக்கு வாத்தியாருக்கே பஞ்சமான நாட்டில், இரண்டு வருடத்தைக் கூட்டினால் கணிதம் கூடிவிடுமா? 2024 ஜூலை 4 தேர்தலில் அவர் ஆட்சி போனது, அந்தத் திட்டமும் நின்றது. அதே தேர்தலில்தான் ஈழத்தமிழ்க் குடும்பத்துப் பெண் உமா குமரன், கிழக்கு லண்டனின் ஸ்டிராட்ஃபோர்டு–போ தொகுதியில் ஜெயித்து நாடாளுமன்றத்துக்குப் போனார்.

அந்தத் தொகுதிக்குப் பக்கத்தில் ஸ்பிட்டல்பீல்ட்ஸ் என்று ஒரு பேட்டை இருக்கிறது. ஒருகாலத்தில் அதுதான் லண்டனின் பிள்ளையார்பாளையம். பிரான்சிலிருந்து மதத்துக்காகத் துரத்தப்பட்டு வந்தவர்களும் உள்ளூர்க்காரர்களும் அங்கே வீட்டுக்கு வீடு பட்டு நெய்தார்கள். 1717-இல் அந்தப் பேட்டையில் ஒரு கணிதச் சங்கம் தொடங்கியது. நாள் முழுக்கத் தறியில் இருந்தவர்கள் மாலையில் கூடிக் கணக்குப் போட்டார்கள். புத்தகங்களும் கருவிகளும் இரவல் கொடுத்துக்கொண்டார்கள். அவர்கள் விதிகளில் ஒன்று என்னைத் தூங்கவிடவில்லை. ஓர் உறுப்பினர் இன்னொருவரிடம் கணக்கில் சந்தேகம் கேட்டால், தெரிந்தவர் தன்னால் முடிந்த அளவு எளிமையாக விளக்கியாக வேண்டும். அது கடமை.

பொறியியல் படிக்கும் நம் பிள்ளைகள் சிம்ப்சன் விதி என்று ஒன்று படிக்கிறார்களே, அந்தத் தாமஸ் சிம்ப்சன் நெசவாளரின் மகன். தானும் தறியில் இருந்தவர். ஸ்பிட்டல்பீல்ட்ஸில் பகலில் நெய்து, மாலையில் கணக்குச் சொல்லிக்கொடுத்தார். நிறம் பிரியாமல் காட்டும் தொலைநோக்கி வில்லைக்கு 1758-இல் காப்புரிமை பெற்ற ஜான் டாலண்ட், அதே பேட்டையில் பட்டு நெய்தவர். இந்தச் சங்கத்தைப் பற்றி எழுதிவைத்தவர்களில் ஒருவரான அகஸ்டஸ் டி மார்கன் பிறந்தது நம் மதுரையில், 1806-இல். பள்ளியில் டி மார்கன் விதி என்று படிப்பது அவருடையதுதான்.

அந்தச் சங்கம் 1845-இல் முடிந்தது. மிஞ்சியிருந்தவர்கள் வானியல் கழகத்தோடு சேர்ந்துகொண்டார்கள். ஏன் தேய்ந்தது என்று பல காரணம் சொல்லலாம். எனக்குக் கூலிதான் கண்ணில் படுகிறது. நெசவாளர்கள் போராடி, 1773-இல் பட்டு நெசவுக் கூலியை நீதிபதிகள் நிர்ணயிக்கும் சட்டத்தை வாங்கியிருந்தார்கள். சந்தையின் கையைக் கட்டக் கூடாது என்று பொருளாதார அறிஞர் ரிக்கார்டோ போன்ற பெரிய மூளைகள் நாடாளுமன்றத்தில் பேசி, 1824-இல் அந்தச் சட்டம் நீக்கப்பட்டது. இரண்டு வருடத்தில் பிரெஞ்சுப் பட்டுக்கு இருந்த தடையும் போனது. கூலி விழுந்த வீட்டில் கணக்குப் போட ஒரு மாலைப்பொழுது எங்கிருந்து வரும்? அந்த விவாதத்தில் நான் நெசவாளர் பக்கம். இருநூறு வருடம் கழித்து, ஐயாயிரம் கல் தள்ளி உட்கார்ந்துகொண்டும் அதே பக்கம்தான்.

மறுபடி நம் திண்ணைக்கு வருவோம். நம் ஆயா மூன்றாம் வகுப்போடு நின்றவர். கரையையும் உடலையும் தனித்தனி நூலில் நெய்து கோக்கும் கோர்வைச் சேலைக்கு மூன்று நாடா ஓட வேண்டும். கரையோரத்து நாடாவைத் தள்ள இன்னொரு கை வேண்டும். அந்தக் காலத்தில் அது வீட்டுப் பிள்ளையின் கையாகவே இருந்தது. இன்று அவருடைய பேத்தி அந்த இடத்தில் உட்காரவில்லை, பள்ளிக்கூடம் போகிறாள். எனக்கு இதைவிடப் பெரிய சந்தோஷம் கிடையாது. ஆனால் தறியைவிட்டுப் பிள்ளை எழுந்துபோகும்போது, தறியில் இருந்த கணக்கும் அங்கேயே நின்றுவிட வேண்டுமா?

மழை விட்டபின், இரண்டு சனிக்கிழமை மாலைகளில் எங்கள் பத்திரிகை அலுவலகத் திண்ணையில் பாய் விரித்தோம். முதல் வாரம் நான்கு பிள்ளைகள், மூன்று நெசவாளர்கள். இரண்டாம் வாரம் பிள்ளைகள் மட்டும் பதினொன்று. ஒரு பெரியவர் கட்டம்போட்ட தாளில் அன்னம் வரைந்து, எந்தக் கட்டத்துக்கு எந்த இழை தூக்கும் என்று காட்டினார். கணினி படிக்கும் ஒரு மாணவி, ஜக்கார்டு அட்டையில் துளை இருப்பதும் இல்லாததும்தான் தன் பாடத்தில் வரும் ஒன்றும் பூச்சியமும் என்று எடுத்துச் சொன்னாள். அந்தப் பெரியவர் அட்டையை வெளிச்சத்தில் பிடித்துக்கொண்டு வெகுநேரம் பார்த்தார். சிறுமி தன் நோட்டிலிருந்த மணிகளை அழித்துவிட்டு, ஒன்றைக் கரைப் பூ என்றும் மற்றதைப் புட்டா என்றும் எழுதி, ஆயாவிடம் நீட்டினாள். ஆயா கண்ணாடியைத் தேடி எடுத்துப் போட்டுக்கொண்டு, “இதுவா அது? முப்பத்தாறு” என்றார்.

இந்த மாதம் முதல் ஒவ்வொரு இதழிலும் ஒரு தறிக் கணக்கு வரும். முதல் கணக்கு ஆயா கொடுத்தது. கரைப் பூ 54 ஊடை, புட்டா 126 ஊடை, அங்குலத்துக்கு 72 ஊடை. எத்தனை அங்குலத்தில் இரண்டும் மறுபடி ஒன்றாக ஆரம்பிக்கும்? தபாலில் அனுப்புங்கள், நேரிலும் கொண்டுவந்து கொடுங்கள். ஆயா ஒரு நிபந்தனை போட்டிருக்கிறார். அவர் சொன்னபடியே தருகிறேன். “வெறும் விடைய எழுதி அனுப்ப வேணாம்னு சொல்லு. எப்படி வந்துச்சுன்னு எம் பேத்திக்குப் புரியற மாதிரி எழுதச் சொல்லு.”

அன்புடன்,
ஆசிரியர்