ஆய்வுகூடத் தனிமையும் ஆடற்கலையும்

விஞ்ஞான ஆராய்ச்சியில் ஈடுபடும் பட்டதாரி மாணவரின் மனநிலை பற்றி மேனாடுகளில் சில ஆண்டுகளாகக் கவலையோடு பேசப்பட்டு வருகின்றது. பெல்ஜியத்தின் பிளாண்டர்ஸ் பகுதியில் கலாநிதிப் பட்டத்துக்கு ஆய்வு செய்யும் 3,659 பேரிடம் எடுத்த கணக்கு 2017இல் வெளியாயிற்று. மூவரில் ஒருவர் உளநோய்க்கு ஆளாகும் அபாயத்தில் இருப்பதாக அது கூறிற்று. மறு ஆண்டு, 26 நாடுகளைச் சேர்ந்த 2,279 மாணவரைப் பற்றிய ஆய்வொன்று ‘நேச்சர் பயோடெக்னோலஜி’ சஞ்சிகையில் வந்தது. அவர்களுள் நூற்றுக்கு 41 பேரிடம் குறிப்பிடத்தக்க மனப்பதற்றமும், 39 பேரிடம் மனச்சோர்வும் காணப்பட்டன. பொதுமக்களிடையே இவை ஆறு வீதமளவே. விரும்பி விடையளித்தோரைக் கொண்டு எடுத்த கணக்காதலால் இந்த எண்களை உலகுக்கெல்லாம் அப்படியே பொருத்திவிடுதல் தகாது. ஆயினும் அலட்சியம் செய்யத்தக்க எண்களும் அல்ல.

பணமுடை, வேலை நிச்சயமின்மை, மேற்பார்வையாளரோடு ஒவ்வாமை எனக் காரணங்கள் பல. தனிமையும் அவற்றுள் ஒன்று என்பேன்; அதுவும் விசித்திரமான தனிமை. ஒரே கூடத்தில் பத்துப்பேர் வேலை செய்வர். பக்கத்து மேசைக்காரர் எதைத் தேடுகிறார் என்பது இவருக்கு விளங்காது; இவருடைய கேள்வி வீட்டாருக்கும் விளங்காது. தேநீர் விருந்து வைத்து இவர்களை ஒன்றுசேர்க்க முயல்வதுண்டு. கோப்பை காலியானதும் கூட்டம் கலைந்துவிடும். ஆய்வையே நடுவில் வைத்து, அதைச் சுற்றி ஒரு கலைவேலையில் இவர்களை இறக்கினால் என்ன?

இது புதுமையான எண்ணமன்று. 1971இல் அமெரிக்காவின் ஸ்டான்போர்ட் பல்கலைக்கழகத்தில், உயிர்க்கலத்துள் புரதம் உருவாகும் விதத்தை மாணவர் பலர் ஒரு புல்வெளியில் ஆடிக் காட்டினர். ஒரு திரள் உருண்டு புரண்டு இறைபோசோமாக நின்றது. அதைப் படமாக்கியபோது விளக்கம் சொன்னவர், பின்னர் 1980இல் நோபல் பரிசு பெற்ற போல் பேர்க். இன்று பார்க்கையில் சிரிப்பு வரத்தான் செய்கிறது. ஆனால் அதில் உருண்டவர் எவரும் அந்தப் பாடத்தை மறந்திருக்கமாட்டார்.

2008இல் ஜோன் பொகனன் என்பவர், கலாநிதி ஆய்வை நடனமாக்கும் போட்டியொன்றை வியன்னாவில் தொடக்கினார். ‘சயன்ஸ்’ சஞ்சிகை அதை வளர்த்தது. ஆய்வு செய்தவரும் கூடவே ஆடவேண்டும் என்பது விதி. இதுவே அதன் உயிர் என்பது என் துணிபு. 2018ஆம் ஆண்டுப் போட்டியில் வென்றவர் கனடாவின் அல்பேர்ட்டா பல்கலைக்கழகத்துப் பௌதிகவியல் மாணவர் பிரமோத் யாப்பா. தடையின்றி மின்னைக் கடத்தும் மீக்கடத்திகளே அவர் எடுத்துக்கொண்ட பொருள். ஒன்றையொன்று விலக்கும் இலத்திரன்கள், வெப்பநிலை போதிய அளவு தாழ்ந்ததும் சோடி சேர்கின்றன. கூச்சமுள்ள மனிதர் துணை கிடைத்ததும் களிப்படைவது போல அவர் அதை ஆட்டமாக்கினார். எந்தக் கரும்பலகையும் எனக்கு இவ்வளவு எளிதாக அதைச் சொன்னதில்லை.

2024இல் வென்றவர் பிரேசிலில் பிறந்து அவுஸ்திரேலிய தேசியப் பல்கலைக்கழகத்தில் ஆய்வு செய்த வெலிட்டன் மெனாரியோ கொஸ்டா. கங்காருகளின் தனிக்குணமும் கூட்டத்தைப் பொறுத்து மாறுவதை ஆராய்ந்தவர் அவர். சம்பா, பாலே, இந்திய சாஸ்திரிய நடனம் என வெவ்வேறு மரபில் பயின்ற நண்பர்களைத் திரட்டினார். எவரும் தம் பாணியைக் கைவிடவில்லை. ஆயினும் அது ஒரே கூட்டமாயிற்று.

பரிசு பெரிதன்று. பல வாரம் நடந்த ஒத்திகையே பெரிது. ‘உன் ஆய்வில் இந்த இடத்தில் நான் ஏன் திரும்பவேண்டும்?’ என்று ஆடுபவர் கேட்கும்போது ஆய்வாளர் விடை சொல்லியே ஆகவேண்டும். ஆசிரியர் தேர்வுக்குக் கேட்பதற்கும் நண்பர் ஆடுவதற்குக் கேட்பதற்கும் வேற்றுமை உண்டு.

ஆனால், உதவிப்பணம் போதாத மாணவருக்கு நடனத்தைக் காட்டி ஆறுதல் சொல்வது பரிகாசமாகிவிடும். மாலையில் வேறு வேலைக்கு ஓடுபவர் ஒத்திகைக்கு எப்படி வருவார்? ஒத்திகை வீண்பொழுது என்று கருதும் மேற்பார்வையாளரும் இருக்கவே செய்வர். கொஸ்டா, பட்டத்தின் பின் ஆராய்ச்சித் துறையை விட்டுப் பாடகராகிவிட்டார். கலை அவரை இழுத்துக்கொண்டதா, விஞ்ஞான உலகம் அவரைப் பிடித்துவைக்கத் தவறியதா என்பதைப் போட்டி நடத்துவோரும் பல்கலைக்கழகங்களும் ஆராய்வது நன்று.