இருவருக்கு ஒரு துப்பாக்கி



பத்து வயதுச் சிறுமி ஒருத்தி விடியுமுன் எழுந்து, கம்பளி ஆடை உடுத்து, தந்தையோடு துப்பாக்கி ஏந்திக் கானகம் செல்கிறாள் என்று கேள்வியுற்றால் நம் தாய்மார் திகைத்துப் போவர். மானைக் கொல்வது நம் நாட்டில் 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். அமெரிக்காவின் பல மாநிலங்களிலோ அது சட்டம் வகுத்த முறைப்படி தலைமுறை தலைமுறையாக நடந்துவரும் குடும்ப வழக்கம். கொலையைப் பிள்ளைக்குக் கற்பிப்பதா என்று உடனே தீர்ப்பிட்டு விடாமல், அப்பெற்றோர் தம் மக்களுக்கு அங்கே எதைக் கற்பிக்கின்றனர் என்பதைப் பொறுமையோடு நோக்குவோம். பிள்ளை வளர்ப்போர் அனைவர்க்கும் அதில் ஒரு பாடம் உண்டு.

பேரேரிகளின் கரையிலுள்ள விஸ்கான்சின் மாநிலத்தை எடுத்துக்கொள்வோம். நவம்பரில் வரும் நன்றியறிதல் விழாவுக்கு முந்திய சனிக்கிழமை அங்கே துப்பாக்கி வேட்டைக்காலம் தொடங்கி ஒன்பது நாள் நீடிக்கிறது. வெளியூரில் பணிபுரிவோர் வீடு திரும்புவர். பாட்டனும் மகனும் பேரனும் பேத்தியும் ஒரே குடிலில் தங்குவர். பென்சில்வேனியா மாநிலத்தில் வேட்டைக்காலம் நெடுங்காலமாக அவ்விழாவுக்கு அடுத்த திங்களன்று தொடங்கி வந்தது. அன்று மாணவர் வரமாட்டார் என்றறிந்து பல பள்ளிகள் விடுமுறையே விட்டன. 2019-இல்தான் தொடக்க நாளைச் சனிக்கிழமைக்கு மாற்றினர்.

இதனை வெறும் பொழுதுபோக்கு என ஒதுக்கிவிட இயலாது. அங்கு வாழும் வெண்வால் மான்கள் வரைமுறையற்ற வேட்டையால் 1900-ஆம் ஆண்டளவில் சில இலட்சங்களாகக் குறைந்திருந்தன. பின்னர்ச் சட்டங்கள் காத்தமையால் பெருகி, இன்று ஏறத்தாழ மூன்று கோடி எனக் கணிக்கப்படுகின்றன. அவற்றை உண்டு வாழ்ந்த ஓநாய்களோ பல மாநிலங்களில் அற்றுப்போயின. மான்கள் மிகுந்தால் மரக்கன்றுகளை மேய்ந்து காடு தளிர்க்காதபடி செய்கின்றன. கடும்பனிக் காலத்தில் இரையின்றித் தாமும் மடிகின்றன. ஆதலின் மாநில அரசே வேட்டைக்கு அளவும் காலமும் வரையறுத்து உரிமம் வழங்குகிறது. அந்த உரிமக் கட்டணமும், 1937-ஆம் ஆண்டுச் சட்டத்தின் வழியே வேட்டைத் துப்பாக்கிகள், தோட்டாக்கள் ஆகியவற்றின்மீது இன்று பெறப்படும் 11 விழுக்காட்டு வரியும் வனவிலங்குப் பாதுகாப்புக்குத் துணைபுரிகின்றன.

எனினும் துப்பாக்கி விளையாட்டுப் பொருள் அன்று. 1966-ஆம் ஆண்டில் விஸ்கான்சினில் வேட்டைக்குச் சென்றோரில் இலட்சம் பேருக்கு 44 பேர் வீதம் விபத்தில் அடிபட்டனர். மறு ஆண்டே வேட்டைப் பயிற்சி வகுப்புகள் தொடங்கின. 1973 சனவரி முதல் நாளிலோ அதற்குப் பின்னரோ பிறந்தவர், தாமே தனித்து வேட்டையாட விரும்பினால், பொதுவாக அப்பயிற்சியில் தேறியிருக்க வேண்டும். தொலைவிலும் கண்ணுக்குத் தெரியும் பளிச்சிடும் நிற ஆடையும் கட்டாயமாயிற்று. விபத்துகள் பன்மடங்கு குறைந்தன. வகுப்பில் பிள்ளைகள் மனப்பாடம் செய்யும் விதிகள் நான்கு: எந்தத் துப்பாக்கியையும் குண்டு நிரப்பியதாகவே கருது, அதன் வாயை ஆபத்தற்ற திசையிலேயே வை, குறியையும் குறிக்கு அப்பால் இருப்பதையும் ஐயமறத் தெரிந்துகொள், சுடும் கணம் வரை விசையில் விரல் வைக்காதே. நான்கும் பொறுமையையே போதிக்கின்றன அன்றோ?

காட்டிலும் அதே பாடம்தான். பரண்மீது மணிக்கணக்கில் அசையாது அமர்ந்திருக்க வேண்டும். உறைபனியில் விரல்கள் மரத்துப் போகும். மான் வந்துவிட்டாலும் உடனே சுடலாகாது. அது பக்கவாட்டில் திரும்பி, இதயமும் நுரையீரலும் அமைந்த தோளின் பின்புறம் தெளிவாகத் தெரிய வேண்டும். இல்லையேல் காயத்தோடு ஓடி நெடுநேரம் துடிக்கும். ஆதலின் தந்தை மெல்ல, "வேண்டாம்" என்பார். மகள் துப்பாக்கியைத் தாழ்த்துவாள். அன்று வெறுங்கையோடு திரும்புவர். அடிபட்ட மான் ஓடினால், இரத்தத் துளிகளைப் பின்பற்றி, இருட்டினாலும், அதைத் தேடிக் கண்டடைவது சுட்டவரின் கடமை. வீழ்ந்த மானின் குடலை நீக்கி, பனியில் இழுத்து வந்து, தோலுரித்து, இறைச்சியைப் பங்கிட வேண்டும். தன் தட்டில் இடப்படும் உணவு ஓர் உயிராய் இருந்தது என்பதை அப்பிள்ளை மறப்பதற்கில்லை. மிகுந்த இறைச்சியை ஏழைகளின் உணவுக்கென அளிக்கும் ஏற்பாடும் பல மாநிலங்களில் உண்டு.

இனி நாம் கூர்ந்து நோக்க வேண்டிய செய்திக்கு வருவோம். விஸ்கான்சினில் பயிற்சியில் தேறிய 12 வயதுப் பிள்ளை பெற்றோரின் பார்வையில் வேட்டையாடலாம்; 14 வயதில் தனியே செல்லலாம். 2009-இல் வந்த புதுச் சட்டம், பயிற்சி பெறாத 10 வயதுப் பிள்ளையும் மூத்தவர் ஒருவரின் கைக்கெட்டும் தொலைவில் நின்று வேட்டையாட இடமளித்தது. அதற்கு ஒரு நிபந்தனை: இருவருக்கும் ஒரே துப்பாக்கி. பிள்ளை அதனை ஏந்தும்போது மூத்தவரின் கை வெறுமையாய் இருக்கும். 2017-இல் இச்சட்டத்தைத் திருத்தினர். வயது வரம்பை அறவே நீக்கினர். மூத்தவரும் தமக்கென ஒரு துப்பாக்கி வைத்துக்கொள்ளலாம் என்றனர். கைக்கெட்டும் தொலைவு என்னும் விதி மட்டும் நிலைத்தது.

திருத்தத்தை ஆதரிப்போர் கூறும் காரணங்கள் உள்ளன. வேட்டையாடுவோர் தொகை குறைந்துவருகிறது. இளையோர் வராவிடில் வழக்கமும் அழியும், வனப் பாதுகாப்பு வருவாயும் குன்றும். தம் பிள்ளையின் பக்குவத்தை அரசைவிடப் பெற்றோரே நன்கறிவர் என்பர். இதில் உண்மை உண்டு. பெற்றோரின் உரிமையை நாமும் மதிக்கிறோம். ஆயினும் முந்திய நிபந்தனையில் இருந்த ஞானத்தை இழக்க நமக்கு மனம் வரவில்லை. தம் துப்பாக்கியோடு நிற்கும் தந்தையின் கண் மானின்மேல் இருக்கும். வெறுங்கையோடு நிற்கும் தந்தையின் கண் பிள்ளையின்மேல் இருக்கும். மேலும், துப்பாக்கியின் எடையையே தாங்கவியலாத குழந்தையை அழைத்துச் சென்று, கொம்புள்ள மானருகே நிறுத்திப் படமெடுத்து மகிழ்வது யாருடைய ஆசை? மறுத்துரைக்கத் தெரியாத வயதில் உயிரெடுக்கும் பொறுப்பைச் சுமத்துவது அன்பாகாது. முதல் மான் வீழ்ந்தபோது கண்ணீர் விடும் பிள்ளைகளும் உண்டு. அக்கண்ணீரைக் கேலி செய்யும் தந்தை, தாம் கற்பித்த நல்ல பாடத்தைத் தம் கையாலேயே அழிக்கிறார்.

வேட்டைக்காரரின் பாதுகாவலர் புனித ஹூபர்ட். இன்றைய பெல்ஜியம் நாட்டிலுள்ள லியேஜ் நகரின் ஆயராய் இருந்து 727-இல் இறந்தவர். நவம்பர் 3 அவர் திருநாள். இளமையில் பெரிய வெள்ளியன்று வேட்டைக்குப் போன அவர், கொம்புகளுக்கிடையே சிலுவை தாங்கிய கலைமானைக் கண்டு மனந்திரும்பினார் என்பது பிற்காலத்தில் எழுந்த மரபு. அக்கதையில் அவர் மானை வீழ்த்தவில்லை, நின்றுவிட்டார். வேட்டைக்காரர் தமக்குப் பாதுகாவலராகத் தேர்ந்தது, நிற்கத் தெரிந்த ஒருவரையே!

பெற்றோரே, நாம் நம் மக்களைக் கானகத்திற்கு அழைத்துச் செல்லப் போவதில்லை. ஆனால் அடுப்பின் நெருப்பு, மோட்டார் வண்டியின் சாவி, பணம், கைப்பேசி என, காக்கவும் அழிக்கவும் வல்ல பொருள்களை ஒருநாள் அவர்கள் கையில் கொடுத்தே தீர வேண்டும். பிள்ளையிடம் ஒரு கைப்பேசியைக் கொடுத்துவிட்டு, நாம் மற்றொன்றில் மூழ்கியிருந்தால் பயனென்ன? கொடுக்கும் நாளில் நம் கை வெறுமையாய் இருக்கட்டும். நம் கண் அவர்கள்மேல் இருக்கட்டும். கைக்கெட்டும் தொலைவில் நாம் நிற்போம்.