கெமிஸ்ட்ரியில் ரெண்டு!

ராத்திரி ஒன்றரை மணிக்கு என் போன் அடித்தால், பெரும்பாலும் அது நியூ ஜெர்சிதான். சித்தி மகள். நான் டிஜிட்டல் டெஸ்க்கில் நைட் ஷிஃப்ட். அவளுக்கு அப்போது சாயங்காலம் நாலு மணி. "அக்கா, டீ குடிச்சிட்டியா?" என்றுதான் ஆரம்பிப்பாள். போன ஜூலையில் ஒருநாள் அதைக் கேட்கவில்லை. "அம்மாகிட்ட சொல்லக் கூடாது. கெமிஸ்ட்ரில ரெண்டு வந்திருக்கு" என்றாள்.

நூற்றுக்கு ரெண்டு என்று பதறாதீர்கள். அஞ்சுக்கு ரெண்டு. அமெரிக்காவில் ஏ.பி. என்று ஒரு தேர்வு உண்டு. காலேஜ் போர்டு என்ற அமைப்பு ஒவ்வொரு மே மாதமும் நடத்துகிறது. பள்ளியில் படிக்கும்போதே கல்லூரி முதலாண்டுப் பாடத்தைப் படித்து எழுத வேண்டும். மதிப்பெண் 1 முதல் 5 வரை. வகுப்பில் சேர்ந்துதான் எழுத வேண்டும் என்றில்லை, பெரும்பாலான பாடங்களை வீட்டிலேயே தானாகப் படித்தும் எழுதலாம். இந்தியாவிலும் சில பள்ளிகளில் இந்தத் தேர்வு நடக்கிறது. அமெரிக்கக் கல்லூரிக்கு விண்ணப்பிக்கும் நம்மூர்ப் பிள்ளைகளும் எழுதுகிறார்கள்.

இவள் பள்ளியில் ஏ.பி. வகுப்புகள் குறைவு. பக்கத்து ஊர்ப் பள்ளியில் படிக்கும் தோழிகள் ஆறு, ஏழு என்று எண்ணிக்கை சொன்னதும் இவளுக்குத் தூக்கம் போய்விட்டது. பதினோராம் வகுப்பில் சைக்காலஜி, என்விரான்மென்டல் சயின்ஸ், கெமிஸ்ட்ரி என மூன்றைத் தனியாகப் படிப்பதாக முடிவு செய்தாள். ஒரு தேர்வுக்கு 99 டாலர். மூன்றுக்கும் சேர்த்து நம்ம பணத்தில் கிட்டத்தட்ட 25,000 ரூபாய். சித்தப்பா மறுபேச்சு இல்லாமல் கட்டினார். அதுதான் அவளுக்கு இன்னும் பாரமாகிவிட்டது.

முதல் சிக்கல் படிப்பில் வரவில்லை, எழுத இடம் கிடைப்பதில் வந்தது. தேர்வுகள் பள்ளிகளில்தான் நடக்கும். உங்கள் பள்ளியில் அந்தப் பாடம் இல்லையென்றால், வெளி மாணவர்களைச் சேர்த்துக்கொள்ளும் பள்ளியை நீங்களே போன் போட்டுத் தேட வேண்டும். அதுவும் நவம்பர் நடுவுக்குள். தேர்வு மேயில்தானே என்று பிப்ரவரியில் விழித்துக்கொள்பவர்களுக்குக் கதவு அடைத்திருக்கும். இவள் நாலாவது பள்ளியில் 'சரி' வாங்கினாள்.

அடுத்தது புத்தகம். சிக்கனம் பார்த்து சைக்காலஜிக்குப் பழைய புத்தகம் ஒன்று வாங்கினாள். 2024-25ல் அந்தப் பாடத்திட்டமே மாறிவிட்டது. 9 அலகுகள் 5 ஆகி, எழுத்துக் கேள்விகளின் வடிவமும் மாறியிருந்தது. ஜனவரியில்தான் கவனித்தாள். பிறகு காலேஜ் போர்டு தளத்தில் இலவசமாகக் கிடைக்கும் பாடத்திட்டம், பழைய கேள்விகள், திருத்தும் முறை, யூடியூபில் இருக்கும் ஏ.பி. டெய்லி வீடியோக்கள், கான் அகாடமி என்று பிடித்துக்கொண்டாள். தனியாகப் படிப்பவர்களுக்கு என் சிபாரிசு அந்தத் திருத்தும் முறைத் தாள்தான். எந்த வரிக்கு ஒரு மார்க், எது இல்லாவிட்டால் பூஜ்யம் என்று அப்பட்டமாக இருக்கும். நம்ம ஊர் பிளஸ் டூ விடைக்குறிப்பு மாதிரியே.

என்விரான்மென்டலில் 5, சைக்காலஜியில் 4. கெமிஸ்ட்ரிதான் கவிழ்த்தது. அந்தப் பாடத்துக்கு வகுப்பு நேரத்தில் கால் பங்காவது ஆய்வகத்துக்கு ஒதுக்க வேண்டும் என்பது விதி. இவளோ பியூரெட்டைக் கையில் தொடாமல், வீடியோவில் டைட்ரேஷன் பார்த்துப் படித்தவள். அதை ராத்திரி ரெண்டு மணி வரை பார்த்தாள். அதற்காக சனிக்கிழமைகளில் லைப்ரரியில் சின்னப் பிள்ளைகளுக்குக் கதை வாசிக்கும் வேலையையும் விட்டுவிட்டாள். எனக்குக் கோபம் வந்தது அதில்தான்.

ஏனென்றால் கணக்கு போட்டுப் பாருங்கள். தானாகப் படித்து எழுதினால் பள்ளி மதிப்பெண் பட்டியலில் அந்தப் பாடம் ஏறாது, ஜி.பி.ஏ. ஒரு புள்ளிகூட உயராது. கல்லூரிகளும் உங்கள் பள்ளியில் என்ன இருந்தது, அதில் நீங்கள் எதை எடுத்தீர்கள் என்றுதான் முதலில் பார்க்கின்றன. இல்லாத வகுப்பை எடுக்கவில்லையே என்று குறை சொல்வதில்லை. பிடித்த பாடத்தில் ஒரு 5 இருந்தால் நிச்சயம் நல்ல பேச்சுத்துணை. எண்ணிக்கைக்காக மூன்றாவதைச் சேர்த்தால், இப்படி ரெண்டும் வரும். இன்னொன்று, பன்னிரண்டாம் வகுப்பு மே மாதத் தேர்வின் மதிப்பெண் ஜூலையில்தான் வரும். கல்லூரி முடிவு அதற்கு முன்பே வந்துவிடும். அதனால் அந்த வருடம் எழுதுவது அட்மிஷனுக்கு இல்லை, கல்லூரியில் கிரெடிட் வாங்க. அதையும் எல்லாக் கல்லூரியும் தருவதில்லை. டார்ட்மத் பல வருடங்களுக்கு முன்பே கிரெடிட்டை நிறுத்திவிட்டது. எம்.ஐ.டி.யில் கால்குலஸ் பி.சி.யில் 5 வாங்கினால் முதல் கணிதப் பாடத்துக்குக் கிடைக்கும்.

"அப்போ அந்த ரெண்டைப் போட்டே ஆகணுமா அக்கா?" என்று கேட்டாள். பெரும்பாலான கல்லூரிகளுக்கு விண்ணப்பத்தில் எந்த மதிப்பெண்ணைக் காட்டுவது என்பது மாணவர் விருப்பம். போடவில்லை. ஆனால், அம்மாவிடம் சொல்லாமல் இருப்பதற்கு நான் உடன்படவில்லை. "விண்ணப்பத்துல மறைக்கிறது வேற, வீட்டுல மறைக்கிறது வேறடி. நீ சொல்றியா, நான் சொல்லட்டா?" என்றேன். மூன்று நாள் போன் இல்லை.

நாலாவது நாள் அவளே சொல்லிவிட்டாள். சித்தி கொஞ்ச நேரம் பேசவில்லையாம். பிறகு, "ராத்திரியெல்லாம் முழிச்சிருந்தது இதுக்கா? நான் யாரோ பையன்கூட பேசுறேன்னு நினைச்சேன்" என்றாராம். சித்தப்பா பணத்தைப் பற்றிக் கேட்கவே இல்லை.

இந்த வருடம் ஒரே ஒரு ஏ.பி., கால்குலஸ். பள்ளியிலேயே, டீச்சரோடு. சனிக்கிழமை லைப்ரரிக்குத் திரும்பிவிட்டாள். விண்ணப்பக் கட்டுரையை அதைப் பற்றித்தான் எழுதியிருக்கிறாளாம், நேற்று ராத்திரி வாட்ஸ்அப்பில் அனுப்பியிருந்தாள். ஷிஃப்ட் முடிந்ததும் படிக்கணும்.