மூன்று நாட்களில் வீழ்ந்த அலெப்போ

சிரியாவின் அலெப்போ நகருக்காக 2012 ஜூலையில் மூண்ட சமர் 2016 டிசம்பர் வரை நீடித்தது. ரஷ்ய விமானங்களின் குண்டுவீச்சும் ஈரான் சார்புப் படைகளின் துணையும் இருந்தமையாலேயே பஷார் அல் அசாத்தின் அரசாங்கம் அந்நகரை முழுமையாக மீட்க முடிந்தது. அதே நகரை, 2024 நவம்பர் 27 ஆம் திகதி தாக்குதலை ஆரம்பித்த ஹயாத் தஹ்ரிர் அல் ஷாம் தலைமையிலான கிளர்ச்சியாளர்கள் மூன்றே நாட்களில் தம்வசப்படுத்திக்கொண்டனர். அடுத்த எட்டு நாட்களில் ஹமா, ஹோம்ஸ், தலைநகர் டமஸ்கஸ் என அனைத்தும் வீழ்ந்தன. அசாத் மொஸ்கோவுக்குத் தப்பியோடினார்.

இந்த வேகத்துக்குக் கிளர்ச்சியாளர்களின் போர்த்திறன் மாத்திரமே காரணமென நாம் கருதவில்லை. எதிரே நின்ற இராணுவம் போரிடுவதற்கு முன்னரே உள்ளுக்குள் இற்றுப்போயிருந்தது. ஹமா வீழ்வதற்கு முதல்நாள்தான் படையினரின் சம்பளத்தை 50 சதவீதத்தினால் உயர்த்துமாறு அசாத் உத்தரவிட்டார். குடும்பச் செலவுக்குப் போதாத ஊதியத்தில் பாதியைக் கூட்டினாலும் அது போதாத ஊதியமே. சீருடையைக் களைந்து வீதியில் எறிந்துவிட்டு வீடு திரும்பிய சிப்பாய்களையே பின்னர் உலகம் கண்டது.

அவரைத் தாங்கி நின்ற தூண்களும் அவ்வேளையில் ஆட்டம் கண்டிருந்தன. ரஷ்யா உக்ரைன் போரில் சிக்குண்டிருந்தது. ஹிஸ்புல்லா, தலைவர் ஹசன் நஸ்ரல்லாவை அவ்வாண்டு செப்டெம்பரில் இழந்து நலிவுற்றிருந்தது. லெபனானில் போர்நிறுத்தம் நடைமுறைக்கு வந்த அதே தினத்தில் அலெப்போ மீதான தாக்குதல் ஆரம்பமாகியமை கவனிக்கத்தக்கது.

2023 மே மாதத்தில் அரபு லீக் சிரியாவை மீண்டும் அரவணைத்துக்கொண்டபோது, அசாத் வென்றுவிட்டார் என்றே பல தலைநகரங்கள் கணக்கை முடித்துக்கொண்டன. இராஜதந்திரிகளுக்கு அமைதியான போர்முனை போதுமானதாக இருக்கலாம். ஆனால், 2020 மார்ச்சில் ரஷ்யாவும் துருக்கியும் செய்துகொண்ட போர்நிறுத்தம், இத்லிப்பில் அடைபட்டிருந்த இலட்சக்கணக்கான அகதிகளை வீடு சேர்க்கவில்லை. 2016 இல் பச்சை நிற பஸ்களில் அலெப்போவிலிருந்து வெளியேற்றப்பட்டவர்கள் பலர், 2024 இல் துப்பாக்கிகளுடன் திரும்பி வந்தனர்.

நகரம் இரண்டாவது தடவை இடிபாடாகாமல் தப்பியது பெரும் ஆறுதலே. முன்னர் அல் கொய்தாவின் கிளையாக விளங்கிய இயக்கத்தின் தலைவர் அகமட் அல் ஷரா, சிறுபான்மையினருக்குப் பாதுகாப்பு அளிக்கப்படுமென அப்போது உறுதியளித்தார். கரையோர அலவி மக்களை அந்த உறுதிமொழி காக்கவில்லை. 2025 மார்ச்சில் அங்கு சுமார் 1,400 பேர் கொல்லப்பட்டதாக ஐ.நா. விசாரணை ஆணைக்குழு அறிக்கையிட்டது. அக்கொலைகள் தொடர்பான முதலாவது பகிரங்க வழக்கு விசாரணை அதே ஆண்டு நவம்பரில் ஆரம்பமானது. அசாத் ஆதரவாளர்களும் புதிய அரசின் படையினரும் ஒருங்கே குற்றவாளிக் கூண்டில் நிறுத்தப்பட்ட அந்த நீதிமன்றம் அமைந்திருப்பது அலெப்போவிலேயே.